அம்மை வீட்டுக் கிறிஸ்மஸ்

என் முகத்தில் இருக்கும் தழும்புகளை ஒருமுறை எண்ணப் பார்த்தேன். இடது கன்னத்தில் முப்பத்தொன்று வரைக்கும் வந்தது. அதற்கு மேல் காதோரம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும், விட்டுவிட்டேன். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. அதே அம்மையில் அப்பாவும் அம்மாவும் போனார்கள். புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அநாதை மடத்தில் யாரோ என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். எழுதப் படிக்கவும் துணி தைக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். எதிர்த்துப் பேசவும்தான். அதை அவர்கள் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன்.

பதினெட்டு வயதில் மடத்துப் பெரிய தாயார் என்னைப் பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பண்ணையார் நிலத்தில் நாற்று நட்டு, கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம் அது. வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. மாமனார் எப்போதோ போய்விட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு என் முகத்தை முன்னாடியே காட்டியிருந்தார்கள். மாமியாருக்குக் காட்டவில்லை.

வைகாசியில் கல்யாணம். நான் வாசற்படி ஏறினதும் அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. மாமியார் என்னிடம் பேசிய முதல் பேச்சே இதுதான்: "முக்காட்ட நல்லா இழுத்து வுடுடி. கொழந்த பயப்படுது பாரு."

இழுத்து விட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயும் முக்காடுதான். அடுப்படியில் வேர்த்துக் கொட்டும், எடுக்க மாட்டேன். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். எனக்கு முகம் பட்டாலே குற்றம். குழந்தை ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் மடியை விட்டு இறங்கவில்லை, அது வேறு.

அந்த வருஷம் எனக்குத் தலைக் கிறிஸ்மஸ். மற்றப் பெண்களைத் தாய் வீட்டிலிருந்து வந்து அழைப்பார்கள். எனக்கு யார் வருவார்கள்? அடுத்த வீட்டுக்காரி கேட்டபோது, "எனுக்கு மடமே தாய் வூடு, அங்க ஆம்பளைங்கள வுட மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து வெங்காயம் உரித்தேன்.

மார்கழிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து முத்தாக எழும்பியது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் ஒருவருக்குக்கூட அம்மை குத்தியிருக்கவில்லை. சர்க்கார் கொம்யூன் கச்சேரியிலிருந்து அம்மை குத்த ஆள் வந்தபோதெல்லாம் மாமியார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் ஒளிந்துகொண்டவள். பேத்தியையும் அப்படித்தான் ஒளித்தாள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"எல்லாரும் கெளம்புங்க" என்றாள் படுத்தபடியே. "கொழந்தைய தூக்கிகினு பூரணாங்குப்பம் போயிடுங்க. சின்னவன் பண்ணையார் களத்துல படுத்துக்கட்டும். ஒருத்தரும் வூட்டுல இருக்கக் கூடாது."

பூரணாங்குப்பம் அண்ணியின் தாய் வீடு. அண்ணி மூட்டை கட்டினாள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தார். "நீயும்..." என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அவளுக்கு இன்னா?" என்றாள் மாமியார். "அவளுக்குத்தான் எப்பவோ வந்து போச்சே. ஒரு தபா வந்தா மறுபடி வராது. அவ இருக்கட்டும்."

ஏழு மாதம் எந்த முகத்தை மூடச் சொன்னாளோ, அந்த முகத்தால்தான் அந்த வீட்டில் இருக்க எனக்குத் தகுதி வந்தது. எல்லோரும் போனதும் முக்காட்டை எடுத்துக் கொடியில் போட்டேன். பார்க்க யார் இருக்கிறார்கள்? அவளுக்கு இமையெல்லாம் வீங்கிக் கண் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் வேப்பிலை கட்டினேன். எங்கள் தெருவில் கிறிஸ்தவர்களானாலும் அம்மைக்கு வேப்பிலைதான். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கறி மீன் நுழையக் கூடாது. யாரும் வர மாட்டார்கள், நாமும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அதனால் ஏரி வாய்க்காலுக்கு உச்சி வெயிலில் போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். அந்த நேரத்தில் அங்கே நாரைகள் மட்டும் நிற்கும். நாலைந்து நாள் போன பிறகு நான் நாரைகளோடு பேச ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசினேன்.

அவளை வாழை இலையில் படுக்க வைத்தேன். உடம்பெல்லாம் வெடித்து ஒழுகியது. துணி பட்டால் ஒட்டிக்கொள்ளும், இலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈ உட்காராமல் வேப்பங்கொத்தால் விசிற வேண்டும். அரிக்கிறது என்று கத்துவாள். கையைப் பிடித்துக்கொண்டால் திட்டுவாள். "அநாதக் களுத, வுடுடி கைய" என்பாள். "வுட மாட்டேன், திட்டுங்க" என்பேன். அந்த வீட்டில் அப்போது கேட்ட மனிதக் குரல் அந்த இரண்டுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் சாகக் கூடாது என்று ஒரு நாளைக்கு நூறு தடவை மாதாவிடம் கெஞ்சினேன். அவளுக்காக இல்லை, எனக்காக. அவள் என் கையில் செத்தால் ஊர் என்ன சொல்லும்? தழும்பு மூஞ்சிக்காரி வந்தாள், அம்மையையும் கூடவே கொண்டுவந்தாள், மாமியாரை முழுங்கினாள் என்று சொல்லும். அண்ணி சொல்வாள். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் யாராவது அழுத்திச் சொன்னால் நம்பிவிடுகிறவர். என்னை எங்கே அனுப்புவார்கள்? கட்டிக்கொடுத்த பெண்ணை மடத்தில் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அவள் பிழைத்தால் எனக்கு வீடு. இல்லாவிட்டால் தெரு.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் கோயில் உபதேசியார் வந்து தெருவிலேயே நின்றார். நான் வாசலுக்கு வந்ததும் இன்னும் நாலடி பின்னால் போனார்.

"இன்னாம்மா இது, கிறிஸ்துவங்க வூட்டுல வேப்பல கட்டி வெச்சிருக்குற? சாமியார் பார்த்தா இன்னா சொல்லுவாரு?"

"வேப்ப மரத்த யாருங்க படைச்சது, சாத்தானா?" என்றேன். "சாமியார வரச் சொல்லுங்க. உள்ள வந்து பார்த்துட்டு அவரே அவுத்துப் போடட்டும்."

"வாயப் பாரு. சரி, ராத்திரிப் பூசைக்கு..."

"நான் வரட்டுங்களா? வந்தா கோயில்ல நான், சாமியாரு, ரெண்டு பேருதான் இருப்போம்."

மனிதர் அங்கிருந்தே ஒரு சிலுவை போட்டுவிட்டு நடையைக் கட்டினார். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டினாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள், பண்டிகைக்கு முந்தின நாள், அவளுக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறியது. இளநீர் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. "அத்த, திட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். முனகல்கூட இல்லை. சுத்தமான துணியைத் திரியாக முறுக்கி, இளநீரில் நனைத்து, உதட்டில் ஒரு சொட்டு, நாக்கில் ஒரு சொட்டு விட்டேன். தொண்டை அசைகிறதா என்று பார்த்து அடுத்த சொட்டு. பொழுது சாய்ந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அதிரசம் சுடும் வாசனை. பிள்ளைகள் குடிலுக்கு வைக்கோல் கொண்டு ஓடினார்கள். மடத்தில் இந்த நேரம் கன்னியாஸ்திரீகள் கிறிஸ்மஸைப் பிரெஞ்சில் 'நொயேல், நொயேல்' என்று சொல்லிப் பரபரத்துக்கொண்டு, குடிலில் வைக்கிற மாட்டுக்கும் கழுதைக்கும் எங்களைச் சாயம் பூசச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் நிற்க மாட்டேனா என்று அன்றைக்கு ஏங்கிப் போனேன். நான் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன்.

நடுச்சாமத்தில் கோயில் மணி அடிக்கும், பாலன் பிறந்துவிட்டார் என்று. அதையாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருக்கிறேன். திடுக்கிட்டு விழித்தபோது பலபலவென்று விடிந்திருந்தது. பூசைக்குப் போனவர்கள் எப்போதோ திரும்பி வந்து கதவடைத்துவிட்டார்கள். துணித்திரி என் கையில் காய்ந்து கிடந்தது. அவள் அசையாமல் படுத்திருந்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"பொறந்துட்டாராடி?" என்று குரல் வந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "இன்னா அத்த?"

"பாலன். மணி அடிச்சாங்களா?"

"பொறந்துட்டாரு அத்த. நல்லா அடிச்சாங்க. நான் கேட்டேன்" என்று ஒரு பொய் சொன்னேன்.

"தண்ணி குடு."

அரைக் கிண்ணம் இளநீரை மளமளவென்று குடித்தாள். குடித்துவிட்டு, "நீ ஏன் மத்தவங்களாட்டம் போவல?" என்றாள், தானே நிறுத்தி வைத்ததை மறந்துவிட்டு.

"நான் எங்க போவ?"

இலையில் தலையைச் சாய்த்தாள். அப்புறம், மடத்தில் பண்டிகைக்குப் பாடுவீர்களாமே, பாடு என்றாள். அர்த்தம் தெரியாத ஒரு பிரெஞ்சுப் பாட்டைப் பாடினேன். இரண்டு வரி கேட்டாள். "போதும்டி, காக்கா கத்துறாப்புல இருக்குது" என்றாள். அப்பாடா, பிழைத்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

பத்து மணி வாக்கில் என் வீட்டுக்காரர் வயல் வரப்பில் வந்து நின்று குரல் கொடுத்தார். பனை மரத்தடியில் ஒரு தூக்குச் சட்டியை வைத்துவிட்டு எட்டிப் போய் நின்றார்.

"அம்மா எப்படி இருக்குது?"

"கண்ணு தொறக்கல. ஆனா தேவலாம்."

"சாப்புடுதா?"

"குடிக்கிறாங்க."

"சரி. கறியும் அதிரசமும் வெச்சிருக்கேன். எடுத்துக்கோ. நான் வரட்டா?"

"நானும் நல்லாத்தான் இருக்குறேன். நீ கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். வரப்போடு போய்விட்டார்.

தூக்கைத் திறந்தேன். கறிக்குழம்பு, நாலு அதிரசம். பத்து நாளாக உப்புக் கஞ்சி குடித்த வாய். அம்மை வீட்டுக்குக் கறியும் எண்ணெய்ப் பண்டமும் ஆகாது என்பது அந்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை. ஆசையாகக் கொண்டுவந்தாரே, அதைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் இங்கேயே நின்று தின்றால் என்ன என்று நினைத்தேன். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று மடத்தில் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஒரு அதிரசத்தைப் பிட்டு வாய் வரைக்கும் கொண்டுபோனேன். நான் தின்று, அவளுக்கு மறுபடியும் ஏறிவிட்டால்? எல்லாவற்றையும் காக்கைக்குப் போட்டேன். அவை பண்டிகை கொண்டாடின. நான் பனை மரத்தடியில் உட்கார்ந்து, அப்பா அம்மா செத்ததற்குக்கூட அழாத அளவுக்கு அழுதேன். அப்புறம் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். இலை மாற்றும் நேரமாகிவிட்டிருந்தது.

புது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கண் திறந்தது. இரண்டும் தெரிந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். பொருக்கெல்லாம் உதிர்ந்தது. கண்ணாடியை நான் முன்னாடியே பரணில் ஒளித்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. விரலால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் மறுபடியும் முக்காடு போடவில்லை. போடச் சொல்லி அவளும் சொல்லவில்லை.

ஜனவரி ஆறில் வரும் மூன்று ராசாக்கள் திருநாளும் கழிந்து ஒரு வாரம் ஆன பிறகு, பூரணாங்குப்பத்திலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். மாமியார் காலையிலிருந்தே வாசலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணியின் இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை, "ஆயா" என்று பாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தது. பாதி வாசலில் நின்றது. அவளைப் பார்த்தது. வீறிட்டு அழுதபடி சுற்றிக்கொண்டு ஓடி வந்து, என் புடவையைப் பிடித்தது. தூக்கியதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. என் முகம்தான் அதற்குப் பழகின முகமாயிற்றே.

இந்த மாதிரி ஒரு நாள் வர வேண்டும் என்று நான் வைகாசியிலிருந்து எத்தனையோ தடவை மனதுக்குள் சபித்திருக்கிறேன். வந்தது. எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மாமியார் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டு, மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே அவளிடம் போய், அந்த முக்காட்டைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன்.

"எடுங்க அத்த. இன்னாத்துக்கு இது? கொழந்தைக்குப் பழகிடும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அதுவரை தெரிந்த மாமியாராகவே இல்லை. "எத்தினி நாள்லடி பழகும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளு" என்றேன்.

எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.