கேட்காமல் நடந்த வழி

குறுக்கே கோழி வந்தாலும் வினிஃப்ரெட் டிப்பெட் நின்றுவிடுவார். "கொஞ்சம் ஒதுங்கிக்கம்மா, கோயில்ல பூ மாத்தணும்" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் ரப்பர் பூட்ஸ் காலை எடுத்து வைப்பார். அவர் வீட்டிலிருந்து நெதர்கோம்ப் தேவாலயத்துக்குப் போகிற பாதை, லக் பண்ணையின் முற்றத்துக்குள் புகுந்து போகிறது. முன்னொரு காலத்தில் சவப்பெட்டிகளைத் தூக்கிப் போன வழி அது. தோள் மாற்ற இறக்கிவைத்த கல் இன்னும் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் வினிஃப்ரெட் பூட்ஸ் சேற்றைச் சுரண்டுவார்.

முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவர். பேருந்து தாமதமாக வந்தால் ஓட்டுநரிடம் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படியொரு மரியாதை.

அந்த மரியாதைதான் ஊராருக்குக் கவலையாகிப் போனது. பண்ணையை வாங்கிய லண்டன்காரர் வந்ததும் வராததுமாகப் பாதைக் கதவைப் பூட்டிவிட்டார். வரைபடத்தில் அப்படியொரு பாதையே இல்லையாம். இருபது வருடம் யாரையும் கேட்காமல் மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழி. அனுமதி வாங்கி நடந்திருந்தால் போச்சு. சட்டம் அப்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே நடந்ததுதான். ஆனால் தினமும் நடந்த சாட்சி வினிஃப்ரெட் ஒருவரே.

ஊர்மண்டபத்தில் விசாரணை நடந்தது. லண்டன்காரரின் வக்கீல் தேனாகப் பேசினார். "உங்களை மாதிரிப் பண்பானவங்க, பழைய முதலாளி பெர்சி லக்கை ஒரு வார்த்தை கேக்காம அவர் முற்றத்துல நடந்திருப்பீங்களா மேடம்?"

பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்திருந்த கிழவர் பெர்சி, முன்வரிசையில் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வினிஃப்ரெட்டின் முகம் சிவந்தது. "அந்த ஆளையா? எழுபத்தாறாம் வருஷத்து வறட்சியில, தோட்டத்துக்குத் தண்ணி விடக்கூடாதுன்னு தடை இருந்துச்சே, அப்போ நான் திருட்டுத் தண்ணி ஊத்திப் பூசணி வளத்தேன்னு காய்கறிக் கண்காட்சி நடுவர் காதுல ஓதின ஆளையா? போயும் போயும் அவர்கிட்ட நான் கேக்கணுமா? அன்னையிலேருந்து பேச்சே கிடையாதுங்க. வேணும்னேதான் அவர் ஜன்னலுக்கு முன்னாடி நடந்தேன்!" சற்று யோசித்து, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

விசாரணை நடத்திய அதிகாரி பெர்சியைப் பார்த்தார். அவர் எழுந்து, "நிஜந்தாங்க. நாப்பது வருஷமா ஒரு குட்மார்னிங் கிடையாது. எங்க கோழிங்ககிட்ட மட்டுந்தான் அந்தம்மா பேசும்" என்றார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

ஆறு வாரத்தில் தீர்ப்புக் கடிதம் வந்தது. பொதுவழிதான். அப்பாடா என்றிருந்தது ஊருக்கு. வினிஃப்ரெட் அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டார்.

மறுநாள் காலை பூட்டு இல்லாத கதவை அவர் தள்ளியபோது, எதிரே தடியை ஊன்றிக்கொண்டு பெர்சி வந்தார். ஒருவர்தான் நுழையலாம், அவ்வளவு ஒடுக்கமான வழி. வினிஃப்ரெட் பின்வாங்கி, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். பெர்சி கடந்து போகிறவரை முகத்தை மட்டும் வேலிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.