வாத்துக் கூட்டுக்குள் இருந்தவர்

எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீட்டுக்குக் கரண்டு ரீடிங் எடுக்கப் போயிருந்தேன். "சார், இங்க வாங்க" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. அங்கே விரிசல் விட்ட பழைய தண்ணீர் டேங்க்கைப் படுக்கப்போட்டு, வாயில் கம்பிவலைக் கதவு மாட்டியிருந்தது. உள்ளே, வெள்ளை மீசைக்காரர் ஒருவர் இஸ்திரிச் சட்டையோடு குந்தியிருந்தார். வெளியே நான்கு வாத்துகள் நின்றன.

"ரெண்டு பேரை நாய் குதறிருச்சு சார். அதான் செலவில்லாம இதைச் செஞ்சேன். அவுக உள்ள வர மாட்டேங்கிறாக. பயமில்லைனு காட்ட நானே நுழைஞ்சேன். வெளிக்கொக்கி விழுந்துருச்சு."

வாத்துகளைத்தான் அவர் 'அவுக' என்றார்.

நான் கொக்கியில் கை வைத்தேன்.

"தொறக்காதீக. நாய் மாதிரி கதவை உலுக்கிப் பாருங்க. கொஞ்சம் குரைச்சாலும் நல்லது."

ஏன் என்று தெரியவில்லை, குரைத்தேன். இரு கையாலும் உலுக்கினேன். வாத்துகள் அலறி ஓடின. கதவு அசையவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இப்பத் தொறங்க."

திறந்து, வாத்துகள் ஓடிய பக்கமாக ஒதுங்கினேன். அவர் எழுவதற்குள் நான்கு வாத்துகளும் எனக்குப் பயந்து உள்ளே பாய்ந்து, அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டன. அவர் அசையாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சாத்திட்டுப் போங்க சார்."

சாத்திவிட்டு வந்தேன். கொக்கியைப் போட்டேனா என்பதுதான் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.