ஆன்லைனில் நான் ஒன்பது அபாயா வாங்கிய லட்சணம்

பார்சலைப் பிரித்து முதல் அபாயாவைக் கடை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தோள் முதல் கால் வரை மறைக்க வேண்டிய அந்த அங்கிக்குப் பின்னால் நின்ற முதலாளியின் மூக்குக்கண்ணாடி வரை தெளிவாகத் தெரிந்தது.

"பரீதா, நான் தெரியறேனா?" என்று கேட்டார்.

"தெரியறீங்க முதலாளி" என்றேன்.

சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே என்ன துணி என்று சொல்லிவிடுவேன் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வேன். ஜூரோங்கிலிருந்து வந்த நூர்ஜஹான் அக்கா, மகள் நிக்காஹுக்குக் குடும்பப் பெண்கள் உடுத்த ஒரே மாதிரி ஒன்பது அபாயா கேட்டார். கடையில் அந்த மாடல் இல்லை. "ஆன்லைன்ல நான் எடுத்துத் தரேன்க்கா" என்று நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன்.

ஓர் ஆன்லைன் கடையின் பக்கத்தில் படம் அருமையாக இருந்தது. என்ன துணி என்று கேட்டேன். "பிரீமியம் குவாலிட்டி சிஸ்டர்" என்று பதில் வந்தது. தோளிலிருந்து நீளம் எவ்வளவு என்றேன். "எல்லாருக்கும் ஃபிட் ஆகும் சிஸ்டர்." ஆப்பில் பணம் கட்ட வேண்டாம், நேராக பேங்குக்கு அனுப்பினால் சீக்கிரம் வரும் என்றார்கள். அனுப்பினேன். சிஸ்டர் என்று கூப்பிட்டதில் மயங்கிவிட்டேன் போலிருக்கிறது.

பார்சல் வந்த பிறகு மெசேஜ் போட்டால், என்னை பிளாக் செய்திருந்தார்கள். அப்போதுதான் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். அதே பெண், அதே அபாயா, வேறு வேறு பெயரில் நான்கு கடைகள். வாங்கியவர்கள் எழுதியதாகப் போட்டிருந்த பாராட்டெல்லாம் ஒரே நாளில் எழுதப்பட்டவை, எழுத்துப்பிழைகூட ஒன்றுதான்.

நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. போனில் சொல்ல மனம் வராமல் எம்ஆர்டி ரயில் ஏறி ஜூரோங்குக்கே போனேன். நூர்ஜஹான் அக்கா துணியைத் தடவிப் பார்த்தார். "உங்க கைய நம்பித்தான் வந்தேன். நீங்க கைல தொடாமலே வாங்கிட்டீங்களே" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நஷ்டம் என்னோடு போகட்டும் என்று, மறுநாள் தெம்பனிஸில் வீட்டிலிருந்தே அபாயா விற்கும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். வெயிலில் துணிக்குள் கையை விட்டு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கூடவே, "நீலம் கொஞ்சம் மெல்லிசுக்கா, உள்ள இன்னர் போடணும். கறுப்பு எடுங்க" என்று, நான் கேட்காமலே சொன்னார். நேரில் போய்த் தொட்டுப் பார்த்துக் கறுப்பிலேயே ஒன்பதும் எடுத்தேன். நிக்காஹ் அன்று எல்லாரும் அதைத்தான் உடுத்தியிருந்தார்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கொஞ்சுகிறவரிடம் வாங்காதீர்கள். சரக்கின் குறையைத் தானே சொல்கிறவரை விடாதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போதே, இருபது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமாவது "இது சாயம் போகும்" என்று நான் சொன்னதுண்டா என்று யோசித்தேன். இல்லை. இப்போது சொல்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறார் முதலாளி.