இரண்டாம் மைலுக்கு ஆள் தேடிய வாரம்

அறுபதுகளின் நடுவில் நான் திருவள்ளூர் தபால் ஆபீசில் கவுண்டர் குமாஸ்தா. மணியார்டர், ரிஜிஸ்தர், ஸ்டாம்ப் எல்லாம் என் ஜன்னலில்தான். கல்யாணமாகி மூன்று வருஷம். மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்குப் போவோம். மத்தியானம் அன்றைய பிரசங்கத்தை அவள் ஒருமுறை திருத்திச் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே தூங்குவேன். எங்கள் பக்தி வாழ்க்கை இந்த அளவில் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் தவக்காலத்தில் எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரியது. வந்த இரண்டாம் ஞாயிறே பிரசங்க பீடத்திலிருந்து, "வசனத்தைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது கொழுத்துவிட்டது. கையும் காலும் சோற்றுக்கில்லாமல் மெலிந்து கிடக்கிறது" என்றார். பிறகு பீடத்துக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே மடித்த சீட்டுகள். ஒவ்வொன்றிலும் வேதத்திலுள்ள ஒரு கட்டளை. ஆளுக்கொன்று எடுத்து, அந்த வாரம் அதன்படி செய்துவிட்டு, அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

எப்போதும் மகிழ்ந்திருக்கச் சொல்லும் சீட்டு சபைப் பொருளாளருக்குப் போனது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சீட்டைப் படித்துவிட்டு, யாரோ தன்னை வேண்டுமென்றே மாட்டிவிட்டதுபோல் டின்னை முறைத்தார். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற சீட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு. "அப்ப நாளைக்கு லீவு போடலாமாங்க ஐயரே?" என்று போதகரை அங்கேயே கேட்டார்.

என் மனைவிக்கு வந்தது, நாவைக் காத்துக்கொள்ளச் சொல்லும் சீட்டு. ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் அவள், "காக்கறதுன்னா முழுசாத்தான் காக்கணும். சனிக்கிழமை வரைக்கும் பேச மாட்டேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பேசாமல் பாடம் நடத்த முடியாது. ஆகவே அந்த மௌனம் முழுவதும் என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு வந்த சீட்டு, ஒரு மைல் தூரம் வா என்று வற்புறுத்துகிறவனோடு இரண்டு மைல் போகச் சொல்லும் மலைப்பிரசங்க வசனம். ரொம்ப சந்தோஷப்பட்டேன். மனசுக்கு வேலையே இல்லை, காலுக்குத்தான் வேலை. நான் நன்றாக நடப்பேன்.

திங்கட்கிழமை காலையில்தான் உறைத்தது. நடப்பேன், சரி. வற்புறுத்த ஆள் வேண்டுமே! அந்தக் காலத்தில் ரோமச் சிப்பாய்கள் வழியில் போகிறவனைப் பிடித்து மூட்டை சுமக்க வைப்பார்கள் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருந்தேன். திருவள்ளூரில் ரோமச் சிப்பாய்க்கு எங்கே போவது? கிட்டத்தட்டப் பொருந்தக்கூடியவர் மார்க்கெட் முனையில் நிற்கும் கான்ஸ்டபிள்தான். அவர் கண்ணில் படும்படியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு தடவை நடந்தேன்.

"இன்னா சார், எதுனா காணாப் பூட்ச்சா?" என்றார்.

"இல்லை. உங்களுக்கு எதையாவது தூக்கிக்கொண்டு வரணுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாண்ட இந்த லட்டி ஒண்ணுதான் கீது சார். அத்த நானே தூக்கிப்பேன்."

செவ்வாய்க்கிழமை எங்கள் போஸ்ட்மேனிடம் பையைக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எம்மேல யாருனா பெட்டிஷன் போட்டாங்களா சார்? நேராச் சொல்லிடுங்க" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்று முழுவதும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி பள்ளிக்கூடத்து சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'குழாயடி வரை வாருங்கள். குடம் கனக்கிறது.'

"குழாயடி ஒரு பர்லாங்குதானே? இரட்டிப்பாக்கினாலும் ரெண்டு பர்லாங்கு. மைல் கணக்கில் சேராது" என்றேன், வேத நுணுக்கத்தோடு.

அவள் சிலேட்டை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு தானே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை. உப்பு ஜாடி எங்கே என்று கேட்டேன். பதில் கிடையாது. நாவைக் காக்கிறாளாம்.

வியாழனும் போனது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது எனக்கு அழுகை வராத குறை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று என்ன சாட்சி சொல்வது? யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்றா?

அப்போது காக்களூர் ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு விவசாயி சைக்கிளோடு திண்டாடிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயசு பெரியவர் இருக்கலாம். பின் டயர் பஞ்சர். கேரியரில் பிண்ணாக்கு மூட்டை. நிமிர்த்தினால் வலப் பக்கம் சரிகிறது, வலப் பக்கம் பிடித்தால் இடப் பக்கம் சரிகிறது. என்னைக் கவுண்டரில் பார்த்திருக்கிறார் போல.

"தபால் ஆபீஸ் சார்! ஒரு கை கொடுங்க சார். நான் முன்னால தள்ளிக்கினு போறேன், நீங்க மூட்டையைப் புடிச்சிக்கினு வந்தாப் போதும். ஒரு மைலுதான், ஏரிக்கரை தாண்டுனா ஊடு."

ஒரு மைல்! அவர் வாயாலேயே வந்துவிட்டது! காலைத் தூக்கி வைத்தேன். உடனே ஒரு சந்தேகம் வந்து நிறுத்தியது. இவர் வேண்டிக் கேட்கிறார். வசனத்தில் இருப்பதோ வற்புறுத்தல்.

"கொஞ்சம் வற்புறுத்திக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"இன்னாது?"

"கட்டாயமாக. அதட்டலாக."

"இஷ்டம் இருந்தா வாங்க சார், இல்லாங்காட்டி பேஜாரு இல்ல, நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"ஐயோ, வருகிறேன். 'வந்துதான் ஆகணும்' என்று ஒரு தடவை சொன்னால் போதும்."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு ஆள் ஒருவரும் இல்லை. "சரி. வந்துதான் ஆவணும். வாய்யா!" என்றவர், குரலைத் தாழ்த்தி, "போதுமா சார்?" என்றார்.

போதும் என்றேன்.

அடுத்த சிக்கல், மைலை எப்படி அளப்பது என்பது. சர்க்கார் அப்போதுதான் மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டுக்கொண்டிருந்தது. ஆண்டவர் மைலில் சொல்லியிருக்கிறார், ரோட்டில் இருப்பது கிலோமீட்டர். இரண்டாயிரம் காலடி வைத்தால் ஒரு மைல் என்று முடிவு செய்து மனசுக்குள் எண்ணிக்கொண்டே மூட்டையைப் பிடித்தபடி நடந்தேன். விவசாயியோ பேச்சுப் பிரியர்.

"சாருக்கு எந்த ஊரு?"

"நானூற்றுப் பன்னிரண்டு" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சம்சாரம், கொழந்தைங்க?" என்றார். "ஒன்று" என்றேன், எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தேன். "கொழந்தை ஒண்ணா?" என்றார். "இரண்டு, மூன்று, நாலு" என்றேன்.  அவர் சைக்கிளை வேகமாகத் தள்ளினார்.

வீடு வந்தது. மூட்டையை இறக்கினோம். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ரொம்ப உபகாரம் சார். ஊட்டுக்குக் கெளம்புங்க, பொழுது சாயுது" என்றார்.

"இன்னும் ஒரு மைல் பாக்கி இருக்கிறது" என்றேன்.

"ஊடு வந்துடுச்சே சார்!"

"பரவாயில்லை. நீங்கள் எங்கே போனாலும் கூட வருகிறேன்."

"நான் எங்கியும் போவலியே!"

"கொஞ்சம் போங்களேன். ஏரிக்கரையில் ஒரு சுற்று?"

வாசலுக்கு வந்த அவருடைய மனைவி இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். புருஷனைத் தனியாக இழுத்துப்போய், எனக்கு நன்றாகக் கேட்கும்படி ரகசியம் பேசினாள்: "ஏரிக்கரையில எத்தையோ பாத்து மெரண்டுகினு வந்துக்கிறாரு. மொகத்தைப் பாரு."

சொல்லிவிட்டு வேப்பமரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்து வந்தாள். சபையின் நிரந்தர அங்கத்தினனும், ஞாயிறு பள்ளி முன்னாள் உதவி ஆசிரியனுமான நான், தவக்கால வெள்ளிக்கிழமையில், கிழக்கே பார்த்து நிற்க வைக்கப்பட்டு, தலையிலிருந்து கால்வரை மூன்று முறை வேப்பிலை அடிக்கப்பட்டேன். திமிறலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் அவ்வளவு அக்கறையாக அடித்தாள். அடித்து முடித்து ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள்.

மோரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பிஸ்கட் டின், சீட்டு, ரோமச் சிப்பாய், எல்லாவற்றையும். விவசாயி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார்.

"இரு சார், இரு. அந்த சிப்பாய் ஒரு மைலு தூக்க சொல்றான். தூக்குனவன் முடிச்சுட்டு, இன்னொரு மைலு நானே வரேன்றான். அதானே?"

"அதேதான்."

அவர் யோசித்தார். "வெள்ளைக்காரன் காலத்துல கேம்ப்புக்கு வர தொரைங்க என்னைப் பெத்த நைனாவை இப்பிடித்தான் புடிச்சு பொட்டி தூக்க வெப்பாங்க. ஊர் எல்லை வரைக்கும் தூக்கணும், அங்க வேற ஆள் மாத்திப்பான். எல்லையில பொட்டியை எறக்கி வெச்சுட்டு ஓடியாந்துடுவாரு." திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எறக்காம, 'வா தொரை, இன்னும் கொஞ்ச தூரம் நானே வரேன்'னு எங்க நைனா சொல்லியிருந்தாருன்னு வெய்யி. தொரை பயந்து பூட்டிருப்பான் சார்! 'இவன் இன்னா பண்ணப் போறான்னு தெரியலியே'ன்னு பொட்டியை அவனே புடுங்கிக்கினு ஓடியிருப்பான்!"

தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "உங்க சாமி சரியான கில்லாடி சார்."

எத்தனையோ பிரசங்கத்தில் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். பொறுமை, பணிவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதல் மைல் சிப்பாயுடையது, இரண்டாவது மைல் தூக்குகிறவனுடையது என்று எனக்கு அந்த மூட்டை பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது. உடனே இன்னொன்றும் புரிந்தது. நான் ஐந்து நாளாகச் சுமையைத்தான் தேடினேன், சுமக்கிறவர்களைப் பார்க்கவேயில்லை. குழாயடிக் குடம் ஞாபகம் வந்து காது சுட்டது.

"வா நைனா, டவுன் பக்கமா கொண்டாந்து உட்டுட்டு வரேன்" என்று விவசாயி எழுந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்த பிறகு 'சார்' போய் 'நைனா' ஆகிவிட்டேன்.

"அது கணக்கில் வராதே. நான் உங்களோடு வர வேண்டும். இது நீங்கள் என்னோடு வருவது."

"அய்யய்ய!" என்று அவர் தலையில் கைவைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய பரங்கிக்காயைக் கொண்டுவந்து என் தோளில் ஏற்றினார். "இது என் சொமை. நீ தூக்கு. நான் முன்னால போறேன், நீ என்கூட வர. ஆச்சா?"

ஆச்சு. அவர் கையை வீசிக்கொண்டு முன்னால் நடக்க, பரங்கிக்காயோடு நான் பின்னால் நடந்தேன். இந்தத் தடவை எண்ணவில்லை. வேறென்ன வேலையெல்லாம் உங்க சாமி வைக்கும் என்று அவர் கேட்டார். பகைவனை நேசிக்கச் சொன்னதைச் சொன்னேன். அவர், தன் கிணற்றில் பங்கு வைத்துக்கொண்டு தண்ணீர் முறைக்குச் சண்டை போடும் சித்தப்பா மகனை நினைத்துப் பார்த்துவிட்டு, "அது வேலைக்கு ஆவாது நைனா" என்றார். டவுன் விளக்கு தெரியும் இடம் வந்ததும், பரங்கிக்காயை நீயே வச்சுக்க என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் என்று சொல்லுமுன் திரும்பி நடந்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி பரங்கிக்காயைப் பார்த்தாள், தலையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். சிலேட்டை எடுத்தாள்; எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் வெறும் கேள்விக்குறி ஒன்றை மட்டும் போட்டுக் காட்டினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேப்பிலை இடம் வந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நாவில் சேராது என்று வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னேன். வேப்பிலையை விட்டுவிட்டுச் சொல்லத்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மௌனம் முந்தின நாளே முடிந்திருந்தது. "அதையும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பொருளாளர் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய சீட்டும் அந்த வாரக் கணக்கில் அப்படித்தான் நிறைவேறியது. போதகர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தத் தொரை கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்லி ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

ஈஸ்டர் கழிந்து ஒரு மாதம் இருக்கும். கவுண்டரில் கூட்டமாக இருந்தபோது விவசாயி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"நைனா, அந்தப் பகையாளி சமாச்சாரம் சொன்னியே, செஞ்சு பாத்துட்டேன். என் மொறை தண்ணியை அவனையே பாய்ச்சிக்கச் சொன்னேன்."

"என்ன ஆயிற்று?" என்றேன். வரிசையில் நின்றவர்களும் காதைத் தீட்டினார்கள்.

"அவன் பயந்து பூட்டான். இவன் இன்னா பிளான்ல கீறான்னு தெரியாம மூணு நாளா கெணத்துப் பக்கமே வரல. என் தண்ணி, அவன் தண்ணி, ரெண்டுமே என் வயலுக்குத்தான் பாயுது." கவலையோடு குரலைத் தாழ்த்தினார். "இது பாவமா, புண்ணியமா? உங்க ஐயரைக் கேட்டுச் சொல்லேன்."