வெண்டெலின் புள்ளி

பஸ் ஓட்டுகிற வெண்டெலுக்கு நட்சத்திரம் பார்ப்பதில் என்னைவிடக் கொடுப்பினை அதிகம். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. நான் பல்செட் செய்கிறவன். நூலளவு பிசகைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். மாத்ரா மலையடிவாரத்தில் எங்கள் வானியல் சங்கத்தில் யாருக்குக் கூர்மையான கண் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். ஆனாலும் எந்தப் பனிக்காலத்திலும் எதையும் முதலில் பார்ப்பவன் அவன்தான்.

என் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்தது. அவனுடையது அவனே தேய்த்த கண்ணாடி, ஒட்டுப்பலகைப் பெட்டி. அதைக் கோழிக் கொட்டகையில் போட்டு வைத்திருப்பான். நான் என்னுடையதை வரவேற்பறையில், கணப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். சூடான கண்ணாடியைக் குளிரில் கொண்டுவந்து வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் நட்சத்திரம் துள்ளிக்கொண்டே இருக்கும். அது தெரிந்தும் வெளியே போட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வானத்திலேயே அதிகமாக மின்னுகிற சிரியஸுக்கு மங்கலான ஒரு துணை உண்டு. பெரியதன் வெளிச்சத்தில் மறைந்தே கிடக்கும். அதற்காகப் பதினோரு பனிக்காலம் மூக்கு மரத்துப்போக நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குத் தென்படவில்லை.

போன பிப்ரவரியில், மைனஸ் பதினான்கு டிகிரிக் குளிரில், மாலை ஏழு மணிக்கு வெண்டெல் போன் செய்தான்.

"கால்மான், உடனே வாடா. சிரியஸோட துணை தெரியுது. நீயும் பாத்து வரைஞ்சாத்தான் சங்கத்துல ஏத்துப்பாங்க."

எங்கள் சங்கத்தில் அதுதான் முறை. கஷ்டமான நட்சத்திரத்தை இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் சொல்லிக் கொடுத்து மற்றவர் பார்க்கக்கூடாது. இருவரும் வாய் திறக்காமல், தனித்தனியாக ஒரு வட்டத்துக்குள் பென்சிலால் புள்ளி வைத்து, பிறகுதான் தாள்களை ஒப்பிட வேண்டும்.

போனேன். அவன் மனைவி இபோயா, பன்றிக்கொழுப்புத் தடவிய ரொட்டியை நீட்டினாள். "வீட்டுக்குள்ள ஒரு பைத்தியம் போதாதுன்னு நீங்களும் வந்துட்டீங்களா? தின்னுட்டு நில்லுங்க."

மூச்சு படாமல் அவன் தொலைநோக்கியில் குனிந்தேன். சிரியஸ் மெல்ல நகர்ந்தது. அதன் பின்னாலேயே சின்னஞ்சிறு புள்ளி. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் இருந்தது. அழகாக இருந்தது. அவன் கண்ணாடியில் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புள்ளி வைக்காமல் வெறும் வட்டத்தை நீட்டினேன். அவன் தாளில் புள்ளி சரியான இடத்தில் இருந்தது.

"ஒண்ணுமே தெரியலையாடா?"

"சிரியஸ் தெரியுது."

"நல்லாப் பாத்தியா?"

"என் கண்ணையே சந்தேகப்படறியா?"

சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேன். அவன் சிவப்பு டார்ச்சைப் பிடித்துத் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கண்ணுக்குத் தெரியலைன்னா அங்க இல்லடா. ஆசையில எனக்கு அப்படித் தோணியிருக்கு."

கையுறையைக் கழற்றி, ரப்பரை எடுத்து, அந்தப் புள்ளியை அழித்தான். நான் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் கூட்டத்தில் அவனே எழுந்து, "தப்பா ஒண்ணு பதிவாகாம கால்மான்தான் என்னைக் காப்பாத்தினான்," என்றான். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். நான் தலையசைத்து அதை வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வெண்டெல் எதையும் பார்த்தேன் என்று சொல்வதில்லை. எனக்குப் போன் செய்து, "நீ வந்து பாருடா, இருந்தா அப்புறம் நான் பாக்கறேன்," என்கிறான்.