ஒற்றை நாற்றுக்கு இரக்கப்பட்டவர்கள்

வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் மைசூர் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. நெல் விவசாயிகளுக்குச் சம்பளமில்லாமல் யோசனை சொல்லும் குழு ஒன்றில் சேர்ந்தேன். தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தமிழ் பேசும் ராமாபுரம் கிராமத்துக்கு அனுப்பினார்கள். என் தமிழில் பாதி கன்னடம் என்பது அங்கே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என் பேச்சைக் கேட்க முன்வந்தவர் ஒரே ஒரு பெண். கணவர் இறந்தபின் நிலத்தைத் தானே பயிரிட்டு வந்தவர். "இந்தப் போகம் வெள்ளாமை கொறஞ்சா, அடுத்த போகம் நானே ஓட்டிக்கறனுங்க அண்ணி" என்று கொழுந்தன் ஊரறியச் சொல்லியிருந்தார். அப்படிக் கைமாறிய நிலம் திரும்பி வந்த கதையே அந்த ஊரில் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய், கொத்துக் கொத்தாக நடாதீர்கள், இளநாற்றை ஒன்றொன்றாக, அகல இடம் விட்டு நடுங்கள் என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் துணிந்து அப்படியே நடவைத்தார். மறுவாரம் போய்ப் பார்த்தால் வயலில் இடைவெளியே இல்லை. எல்லாம் நடவுப் பெண்களின் வேலை. சந்து விட்டு நடுவது அவர்கள் கைக்கு இழுக்கு. போதாததற்கு அந்தப் பெண்மேல் இரக்கம் வேறு. நான் பஸ் ஏறியதும், கூலிகூட வாங்காமல், மிஞ்சிய நாற்றை வைத்து நிரப்பிவிட்டார்கள்.

"பாவமுங்க, வயலு மொட்டையாக் கெடந்துச்சு" என்றார் அவர்களில் ஒருவர். எனக்கு வந்த கோபத்தில் தமிழே வரவில்லை.

கொழுந்தன் வரப்பில் நின்று சிரித்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, அதிகப்படி நாற்றைப் பிடுங்கத் தொடங்கினார். நானும் இறங்கினேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு நடவுப் பெண்களும் இறங்கினார்கள்.

பிறகு பயிர் தூர் கட்டிய அழகைச் சொல்லி மாளாது. ஒற்றை நாற்றாக நின்றதெல்லாம் இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்கிற குத்தாகப் பருத்தது. அறுவடையில் களம் கொள்ளவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொழுந்தன் களத்துக்கு வந்தார். என்னிடம்தான் யோசனை கேட்கப் போகிறார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார்.

"அண்ணி, அடுத்த நடவுக்கு நம்ம வயலுக்கும் ஒருக்கா வந்து சொல்லிக் குடுங்க."

அந்தப் பெண் நெல் தூற்றுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"வாறனுங்க தம்பி. மொதல்ல என்ற வயல்ல நடவு முடியட்டும்."