லேமினேஷன் தோத்தாத்ரி

காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்துவிட்டால் தோத்தாத்ரி மூச்சை அடக்கிக்கொள்வார். நாலு ஓரமும் சமமாக இருக்கிறதா, நடுவில் தூசி மாட்டியிருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு தலைமுடி தெரிந்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. மெஷினில் பச்சை விளக்கு எரிகிறவரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். சூடாக வெளியே வருகிற அட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்.

குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்ற வாரமே ஒரு லேமினேஷன் மெஷினை வாங்கிக்கொண்டு இரும்புலியூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் காகிதம் காகிதமாக இருந்ததில்லை. ரேஷன் அட்டை, திருநீர்மலை உற்சவப் பத்திரிகை, சாம்பார்ப் பொடிக்கு மனைவி பட்டு எழுதிவைத்த அளவு, எல்லாம் பளபளவென்று ஆயின. "என்னையும் ஒரு கவர்ல போட்டுடுங்கோ, சுருக்கம் விழாம இருப்பேன்" என்றாள் பட்டு. ஒரு தடவை டாக்டர் சீட்டையே போட்டுவிட்டார். அடுத்த முறை மருந்தை மாற்றி எழுதப் போன டாக்டரின் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. "இதுல நான் எங்க சார் எழுதறது?" என்று அவர் சிரிக்க, தோத்தாத்ரியும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்காவது உறைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷனுக்கு!

ஆனால் அவரைக் கேலி செய்தவர்களின் வாயை அடைத்தது 2015 டிசம்பர் மழை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு அனந்தகிருஷ்ணன் தன் பிள்ளைகளின் சான்றிதழ்களைக் கூழாக அள்ளி எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். தோத்தாத்ரியோ பீரோவின் அடித்தட்டிலிருந்து மகள் ஸ்ம்ருதியின் எம்.டெக். பட்டத்தை எடுத்தார், குழாயடியில் சேற்றைக் கழுவினார், துண்டால் துடைத்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். வீட்டுக்கு மெஷின் வருவதற்கு முன்பு, பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாளே தனசிங்கின் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுவைத்திருந்தது அது. ஓர் எழுத்துக்கூடக் கலையவில்லை. தெருவே வந்து பார்த்தது. "பாத்தேளா? இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுண்டேன்" என்றார். அந்த ஒரு நாள் அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்ம்ருதி ஒரே மகள். முப்பத்துநாலு வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேட்டரி ஆராய்ச்சி. போன வருஷம் ஆஸ்திரியாவில் ஓர் ஆய்வுக்கூடம் நாலு சுற்று நேர்காணல் நடத்தி அவளைத் தேர்ந்தெடுத்தது. அதிகம் படித்த வெளிநாட்டுக்காரர்களுக்கென்று அந்த நாடு ஓர் அனுமதி அட்டை கொடுக்கிறது. வேலை பார்க்கவும் அங்கேயே குடியிருக்கவும் அந்த ஒரே அட்டை போதும். படிப்பு, அனுபவம், வயது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுத்தான் தருவார்கள். தோத்தாத்ரி அந்த விதிகளையெல்லாம் தலைகீழ்ப் பாடமாக்கிவிட்டார். "வயசுல கொஞ்சம் கொறைஞ்சாலும் படிப்புல புடிச்சுடுவா" என்று கீரைக்காரியிடம்கூட விளக்கினார். படிப்புக்குப் புள்ளி வேண்டுமென்றால் அசல் பட்டத்தின் பின்பக்கம் மாநில அரசின் முத்திரையும் மத்திய அரசின் ஸ்டிக்கரும் வேண்டும். ஜூன் முடிவதற்குள் காகிதங்கள் வந்துவிட வேண்டும் என்று ஆய்வுக்கூடம் எழுதியிருந்தது. அப்போது மே மாதம் பாதி.

இந்த முத்திரை வேலைகளை வாங்கிக்கொடுக்கிற ஷீலாவின் அலுவலகம் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. பட்டத்தை வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லாமல் தோத்தாத்ரியே மகளோடு போனார். பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, "வெள்ளத்தையே பாத்த சர்டிஃபிகேட்டாக்கும்" என்று ஆரம்பித்தார். ஷீலா அதைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"சார், இதுல சீல் எங்க குத்துவாங்க?"

"பின்னாடி."

"பேப்பர்லதான் சார் குத்தணும். பிளாஸ்டிக்ல இங்க் நிக்காது. கவுண்டர்லயே திருப்பிக் குடுத்துடுவாங்க." பிறகு ஸ்ம்ருதியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யுனிவர்சிட்டில டூப்ளிகேட் கேக்கலாம் மேடம். ஆனா நாலு மாசம் ஆயிடும்."

நாலு மாசத்துக்கு எங்கே போவது? அங்கிருந்து இருவரும் நேரே தனசிங் கடைக்கு நடந்தார்கள். இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் போட்டுப் போட்டே தலை நரைத்தவர் தனசிங். பட்டத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"இன்னா சார், இப்ப வந்து பிரின்றீங்க? பத்து வருசத்துக்கு மேல ஆயிகீது. பசையும் பேப்பரும் ஒண்ணா ஒட்டிப் பூட்ருக்கும். சூடு காட்டிப் பாக்கலாம். வந்தா வரும், இல்லாங்காட்டி கிழிஞ்சிடும். அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

ஸ்ம்ருதி பட்டத்தை அவர் பக்கம் தள்ளினாள். "பிரிச்சுடுங்கண்ணா. வேற வழியில்ல."

"நான் பிரிக்கிறேன்" என்றார் தோத்தாத்ரி. "போடச் சொன்னவன் நான்தானே."

தனசிங் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொள்ள, தோத்தாத்ரி மூலையிலிருந்து உரித்தார். பல்கலைக்கழகத்தின் சின்னம் முழுசாக வந்தது. முதல் வரி வந்தது. "வருது பாரு, வருது பாரு" என்று அவர் குழந்தை மாதிரி சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் கை அவசரப்பட்டுவிட்டது. சர்ரென்று ஒரு சத்தம். மகளின் பெயர் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. காகிதத்தில் அந்த இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு மட்டும் இருந்தது.

ஸ்ம்ருதிதான் ஹேர் டிரையரின் சுவிட்சை அணைத்தாள். "விடுப்பா. வா, போலாம்." வாசலில் அவருக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

டூப்ளிகேட்டுக்கு அன்றைக்கே மனுப் போட்டார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஸ்ம்ருதி நிலைமையை எழுதினாள். ஜூன் முடிந்து இரண்டாம் நாள் பதில் வந்தது, ரொம்ப மரியாதையான பதில். "வேற ஆள எடுத்துட்டாளாம்மா" என்று சாப்பிடுகிறபோது சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. ஒரு சொட்டு வீணானாலும் வீட்டை இரண்டாக்குகிற தோத்தாத்ரி கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கதவைத் தட்டவில்லை.

அவள் அதே நாட்டில் வேறு இடங்களுக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. வயது ஏற ஏறப் புள்ளி குறையும் என்பது தோத்தாத்ரிக்கு மனப்பாடம். அவளுடைய பிறந்தநாளன்று பாயசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனவர் அரைமணி நேரம் திரும்பி வரவில்லை. யாராவது லேமினேஷனுக்கு வந்தால் "மெஷின் ரிப்பேர்" என்கிறார். மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, பட்டு திருநீர்மலைக்குப் போயிருந்தபோது போஸ்ட்மேன் வந்தார். அனுப்பியவர் முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததுமே தோத்தாத்ரிக்குப் புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். போஸ்ட்மேன் உறையை நீட்டியபோது வாங்கப் போன கை பாதியில் நின்றது.

"கொஞ்சம் உள்ள வந்து அந்த மேஜை மேல வெச்சுட்டுப் போறீங்களா?"

போஸ்ட்மேன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிழவருக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்தாரோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் வைத்துவிட்டுப் போனார். தோத்தாத்ரி மின்விசிறியை அணைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வந்த பட்டு, "வெந்து போறதே, அதை எடுத்து பீரோல வெச்சுட்டு ஃபேனப் போடுங்கோளேன்" என்றாள். "அவ வரட்டும்" என்றார். பட்டுவையும் தொடவிடவில்லை.

ஸ்ம்ருதி வருவதற்குச் சாயங்காலம் ஆறரை ஆயிற்று. அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏம்ப்பா ஃபேன் போடாம உக்காந்திருக்க?"

"பறந்துடுமோன்னு..."

"மேல எதையாவது வெச்சிருக்கலாமே?"

"தடம் விழுந்துட்டா?"

அவள் உறையைப் பிரித்தாள். புதுப் பட்டத்தை எடுத்து, "பாருப்பா" என்று அவர் பக்கம் நீட்டினாள். தோத்தாத்ரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.